பாலி ஏடுகளின் பயணம் – 9: சந்தா கட்டிய பிக்குகள்

லண்டனில் 1881இல் தொடங்கப்பட்ட பாலி நூற்கழகம் அடுத்த ஆண்டிலிருந்தே தனக்கென ஒரு சஞ்சிகையை வெளியிட்டது. ஆண்டறிக்கை, அச்சாகி முடிந்த நூல்களின் விவரம், எந்த நூலைப் பதிப்பிக்க யார் பொறுப்பேற்றிருக்கிறார் என்ற அறிவிப்பு, எந்த நூலகத்தில் எந்தச் சுவடி இருக்கிறது என்ற பட்டியல் என்று அதன் தொடக்ககால இதழ்களில் கழகத்தின் நடவடிக்கைகள் ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்கின்றன. அவற்றோடு சந்தாதாரர் பட்டியலும் உண்டு. ஆராய்ச்சிக்காக அந்த இதழ்களைத் தேடி எடுப்பவர்கள் பெரும்பாலும் தள்ளிவிட்டுப் போகும் பக்கங்கள் அவை. ஐரோப்பியப் பேராசிரியர்கள், கல்லூரிகள், நூலகங்கள் ஆகியவற்றின் பெயர்களுக்கு அடுத்தபடியாக, இலங்கையின் தென்கரை ஊர்களைச் சேர்ந்த பிக்குகளின் பெயர்கள் ஊர்ப்பெயருடன் வரிசையாக அங்கே அச்சாகியிருக்கின்றன. முதல் ஆண்டுகளின் ஆதரவாளர்களில் பெரும்பங்கினர் அவர்களே. மண் திருவோடு ஏந்தி, காசைக் கையால் தொடக்கூடாதென்ற விதியுடன் வாழும் துறவிகளின் பெயரால், அவர்களை ஆதரித்த இல்லறத்தாரான தாயகர்கள் வழியாக, லண்டனுக்குச் சந்தா போயிருக்கிறது. பௌத்த நூல்களை ஐரோப்பா கண்டெடுத்து, செல்லரிக்கவிருந்த ஏடுகளைக் காப்பாற்றி, உலகுக்குக் கொடுத்தது என்று பாடநூல்கள் சொல்லிவரும் கதையை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பாலி நூற்கழகத்தின் அடித்தளம் இலங்கைச் சங்கத்தின் பணம், ஏடு, படிப்பு என்ற மூன்றின்மேலும் அமைந்தது என்பதே என் கருத்து. இந்த இதழில் அதற்கான சான்றுகளையும், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் பார்ப்போம்.

கழகத்தை நிறுவிய தாமஸ் வில்லியம் ரைஸ் டேவிட்ஸ் பாலி கற்றது எந்தப் பல்கலைக்கழகத்திலும் அல்ல. 1843இல் பிறந்த அவர் ஜெர்மனியின் பிரெஸ்லாவில் சமஸ்கிருதம் படித்துவிட்டு, இலங்கை ஆட்சிப் பணியில் சேர்ந்து 1860களில் அந்தத் தீவுக்கு வந்தார். நீதிபதியாக இருந்தபோது விகாரை தொடர்பான வழக்கொன்றில் பாலி ஆவணம் ஒன்று அவர்முன் வந்தது. நீதிமன்றத்தில் அதைப் படிக்க ஆளில்லை. அந்த மொழியைக் கற்க அவர் நாடிப்போன ஆசிரியர் யாத்ராமுல்லே தம்மாராமர் என்ற பிக்கு. உடல் நலிந்த நிலையிலும் அந்த இளைஞருக்குச் சொல்லிக்கொடுத்த அந்தத் தேரரின் அறிவையும் குணத்தையும் ரைஸ் டேவிட்ஸ் பிற்காலத்தில் மறக்காமல் எழுதினார். நிர்வாக மோதலில் பணியை இழந்து இங்கிலாந்து திரும்பிய பிறகு, சட்டம் படித்தார். ஆனால் மனம் பாலியிலேயே நின்றது. 1878இல் பௌத்தம் பற்றிய அறிமுக நூலொன்றை எழுதினார். 1881இல் லண்டனில் ஹிப்பர்ட் சொற்பொழிவுகளை நிகழ்த்தியபோது பாலி நூற்கழகத்தின் தொடக்கத்தை அறிவித்தார். டென்மார்க்கின் ஃபௌஸ்பெல், ஜெர்மனியின் ஓல்டன்பர்க், பிரான்சின் செனார், இங்கிலாந்தின் ரிச்சர்ட் மோரிஸ் ஆகியோர் அவருடன் குழுவில் அமர்ந்தார்கள். ஆண்டுச் சந்தா ஒரு கினி. அரசு மானியம் இல்லை, பல்கலைக்கழகக் கட்டடம் இல்லை. சந்தா வந்தால் புத்தகம், வராவிட்டால் இல்லை.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் கழகத்தின் செயலராக இருந்தவர் காலியின் அத்தபத்து முதலியார் எட்மண்ட் ரோலண்ட் குணரத்ன. ஆட்சியாளர்களுக்கு வேண்டியவர், நிலபுலமுள்ள குடும்பத்தவர், அதேவேளை பாலியில் தேர்ந்தவர். விகாரைகளோடு அவருக்கிருந்த உறவுதான் பிக்குகளின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இத்தனை நிறைந்ததற்கு வழி செய்தது. சந்தா திரட்டும் வேலையோடு அவர் நின்றுவிடவில்லை என்பதும் முக்கியம். தேலகடாககாதை என்ற சிறு நூலை 1884ஆம் ஆண்டுச் சஞ்சிகையில் பதிப்பித்தார்; விமானவத்து முழுவதும் அவர் பதிப்பாக 1886இல் வெளிவந்தது. கழகத்தின் முதல் ஐந்தாண்டிலேயே ஓர் இலங்கையர் பதிப்பாசிரியராக அமர்ந்திருக்கிறார். கழகத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் ஃபௌஸ்பெல்லின் பெயரையும் ஓல்டன்பர்க்கின் பெயரையும் சொல்லி, குணரத்னவை ‘உள்ளூர் உதவியாளர்’ என்ற வரியில் அடக்குவது நியாயமில்லை.

பிக்குகள் எதற்காகப் பணம் அனுப்பினார்கள் என்ற கேள்வி இங்கே எழும். ரோமன் எழுத்தில் அச்சாகும் நூல் அவர்களில் பலருக்குப் படிக்கவே பயன்படாது. சிங்கள எழுத்தில் அதே நூல்கள் அவர்கள் விகாரையிலேயே இருந்தன; பல அவர்களுக்கு மனப்பாடம். தம்ம நூலைப் பரப்புவது புண்ணியம் என்ற நம்பிக்கை ஒரு காரணம், ஐயமில்லை. அதைவிட வலுவான காரணம் அந்தக் காலத்தின் சூழலில் இருக்கிறது. 1873இல் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் கிறிஸ்தவப் பாதிரிமாருக்கும் பெருங்கூட்டத்தின் முன் வாதம் நடந்தது. அதே ஆண்டு ஹிக்கடுவே சுமங்கல தேரர் கொழும்பில் பிக்குகளின் கல்விநிலையமான வித்யோதய பிரிவெனாவைத் தொடங்கினார். இரண்டாண்டு கழித்துப் பேலியகொடையில் வித்யாலங்கார பிரிவெனா எழுந்தது. மிஷன் அச்சகங்கள் பௌத்தத்தை அறியாமையின் சமயமென்று துண்டறிக்கை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆட்சியாளர்களின் தலைநகரிலேயே, ஆட்சியாளர்களின் எழுத்திலேயே, கல்வியாளர்கள் மதித்துப் பதிப்பிக்கும் நூல்களாக பிடகங்கள் வெளிவருவது அந்தப் போராட்டத்தில் ஒரு பலம். அதைக் கணித்தே அவர்கள் சந்தா கொடுத்திருக்க வேண்டும். இப்படிப் பார்த்தால், சங்கம் லண்டன் கழகத்தைத் தன் நோக்கத்துக்கு ஏற்ற கருவியாகத் தெரிந்தெடுத்தது என்றே சொல்லலாம்.

அடுத்து ஏடும் படிப்பும். இவை இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. ஐரோப்பாவில் பாலிச் சுவடிகள் முன்பே கொஞ்சம் இருந்தன. டென்மார்க் மொழியறிஞர் ராஸ்க் 1820களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து எடுத்துச்சென்றவை கோப்பன்ஹேகனில் இருந்தன. 1855இல் ஃபௌஸ்பெல் தம்மபதத்தை லத்தீன் மொழிபெயர்ப்போடு பதிப்பிக்க அவையே ஆதாரம். ஆனால் முழுத் திரிபிடகத்தையும் உரைகளோடு பதிப்பிப்பதென்றால் அந்தச் சேகரம் போதாது. தாளிப்பனை ஓலையில் எழுதிய ஏடு காலப்போக்கில் மறுபடியும் படியெடுக்கப்பட வேண்டியது. எந்த விகாரையில் நல்ல படி இருக்கிறது, எது எந்தப் படியிலிருந்து எடுத்தது, எந்த இடத்தில் எழுதியவர் தவறினார் என்பதெல்லாம் அதை ஓதிப் பழகியவருக்கே தெரியும். சென்ற இதழில் பார்த்த ராபர்ட் சில்டர்ஸின் பாலி அகராதி 1872, 1875 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தபோது, அதன் பின்னணியில் வஸ்கடுவே சுபூதி தேரரின் கடிதங்கள் இருந்தன. சுபூதி தேரர் அபிதானப்பதீபிகை என்ற பாலி நிகண்டை 1865இலேயே பதிப்பித்தவர். சில்டர்ஸும் ஃபௌஸ்பெல்லும் ரைஸ் டேவிட்ஸும் இலங்கைத் தேரர்களுக்கு எழுதிய கடிதங்களை ஆனந்த குருகே 1984இல் தொகுத்து வெளியிட்டார். அந்தத் தொகுப்பைப் படிப்பவருக்கு உறவின் தன்மை புலனாகும். ஐயம் கேட்பவர்கள் ஐரோப்பியர், தீர்த்துவைப்பவர்கள் பிக்குகள். ஒரு சொல்லின் பொருள், ஒரு தொடரின் முடிவு, கிடைக்காத ஒரு நூலின் படி என்று கேள்விகள் அடுத்தடுத்துப் போகின்றன. மாணவர் ஆசிரியருக்கு எழுதும் பணிவு அவற்றில் பல இடங்களில் இருக்கிறது. இத்தனை உதவியும் அச்சான பதிப்புகளின் முன்னுரையில் ஓரிரு நன்றி வரிகளாகச் சுருங்கியதால், அடுத்த தலைமுறை வாசகர்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

இங்கே முதல் மறுப்பைக் கவனிக்க வேண்டும். ஏடு இருப்பதும் படிக்கத் தெரிவதும் ஒன்று. பல நாட்டுச் சுவடிகளைச் சேர்த்து ஒப்பிட்டு, பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டி, எவரும் சரிபார்க்கும்படி பதிப்பிப்பது வேறொன்று. அந்த முறை ஐரோப்பியர் கொண்டுவந்ததுதானே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிங்கள எழுத்துச் சுவடியையும் பர்மிய எழுத்துச் சுவடியையும் பக்கத்தில் வைத்து, வேறுபாட்டை மறைக்காமல் அச்சிட்டது கழகத்தின் உண்மையான கொடை. ஓர் எழுத்தில் மட்டும் பழகியவர் மற்ற நாட்டுப் பாடத்தைப் பார்க்கவே வழியில்லாத நிலையை அது மாற்றியது. ஆனால் பாடத்தைத் திருத்துவது கீழை நாடுகளுக்குப் புதியதல்ல. இலங்கையிலேயே 1860களில் பெல்மதுளையில் தேரர்கள் கூடி, ஹிக்கடுவே சுமங்கலர் போன்றோரின் முன்னிலையில், ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் திருத்தினார்கள். பர்மாவில் மிண்டோன் மன்னர் 1871இல் மண்டலேயில் பிக்குகளின் பேரவையான சங்காயனத்தைக் கூட்டினார். அவர் காலத்தில் திரிபிடகம் முழுவதும் 729 பளிங்குப் பலகைகளில் வெட்டப்பட்டுக் குதோடா விகாரையில் நாட்டப்பட்டது. சயாமில் சூலலங்கர்ன் மன்னர் தம் ஆட்சியின் வெள்ளிவிழாவையொட்டி 1893இல் 39 தொகுதிகளாகத் திரிபிடகத்தை அச்சிட்டு உலக நூலகங்களுக்கு அனுப்பினார். அப்போது பாலி நூற்கழகம் மச்சிம நிகாயத்தையும் தீக நிகாயத்தையும்கூட முடித்திருக்கவில்லை. அழிந்துகொண்டிருந்த மரபை லண்டன் காப்பாற்றியது என்ற கதை இந்த ஒரு தேதியிலேயே நிலைகுலைகிறது. கழகத்தின் ஆரம்பப் பதிப்புகள் சில மிகக் குறைந்த சுவடிகளைக்கொண்டு தயாரானவை, மீண்டும் செய்யப்படவேண்டியவை என்பதைக் கழகத்தின் தலைவராக இருந்த கே. ஆர். நார்மனே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த நேர்மைக்கு நாம் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நேர்எதிர்த் திசையிலிருந்து வருவது. இதெல்லாம் பேரரசின் வேலை. ஆண்டவர்கள் நிலத்தைப்போலவே அறிவையும் எடுத்துக்கொண்டார்கள். பிக்குகளின் ஒத்துழைப்பைப் பெரிதுபடுத்துவது அந்த உண்மையை மூடும் என்பது. இந்த மறுப்பை நான் லேசாக ஒதுக்கமாட்டேன், ஏனெனில் கழகத்தின் சஞ்சிகையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1885இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவைப் பிடித்து, தீபா மன்னரை நாடுகடத்தினார்கள். மண்டலே அரண்மனை நூலகத்துச் சுவடிகள் லண்டன் இந்தியா அலுவலக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் பட்டியலை ஃபௌஸ்பெல் தயாரிக்க, 1890களின் நடுவில் கழகத்தின் சஞ்சிகை வெளியிட்டது. போரில் வீழ்ந்த அரசன் வீட்டு நூல்கள் ஆய்வுப் பொருளாகிவிட்டன. அந்தப் பட்டியலைப் பயன்படுத்தாத பாலி அறிஞர் இல்லை. இதில் வன்முறை இருக்கிறது, அதை வேறு பெயரிட்டு அழைக்க வேண்டியதில்லை. ஆயினும் மண்டலேயில் நடந்ததையும் காலியில் நடந்ததையும் ஒரே நிகழ்ச்சியாகக் கணக்கிடக்கூடாது. பறிக்கப்பட்டதற்கும் யோசித்துக் கொடுக்கப்பட்டதற்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை அழித்துவிட்டால், தம் காலத்து உலகை நன்கு அறிந்து, அதில் தம் சமயத்துக்கு இடம்பிடிக்க முனைந்த சுபூதியும் சுமங்கலரும் வெறும் ஏமாளிகளாகிவிடுவார்கள். அவர்களுடைய கடிதங்களில் ஏமாளித்தனம் இல்லை. 1895 முதல் வெளிவந்த பௌத்தப் புனித நூல் மொழிபெயர்ப்பு வரிசை சயாம் மன்னரின் ஆதரவில் வந்ததையும் இத்துடன் சேர்த்து எண்ணிப்பாருங்கள். ஐரோப்பியரின் ஆட்சிக்கு உட்படாத ஓர் அரசர், தன் நாட்டில் தனிப் பதிப்புப் போட்டுக்கொண்டே, லண்டன் முயற்சிக்கும் பணம் கொடுத்தார்.

மூன்றாவது மறுப்பே நுட்பமானது. பணமும் ஏடும் இலங்கையிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் அவற்றிலிருந்து எழுந்த பௌத்தம் லண்டனில் உருவானது. சடங்கும் தேவரும் உரையாசிரியரும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பகுத்தறிவும் ஒழுக்கமும் மட்டும் கொண்ட ஒரு ‘தூய’ பௌத்தம் கட்டப்பட்டது என்பது. ரைஸ் டேவிட்ஸின் எழுத்தில் அந்தச் சாய்வு இருப்பது உண்மை. அவருடைய மனைவியும் 1922 முதல் 1942 வரை கழகத்தின் தலைவியுமான கரோலைன், தம் பிற்கால நூல்களில் இன்னும் தூரம் போனார். அனாத்மக் கொள்கை புத்தருடையதல்ல, பின்வந்த துறவியர் சேர்த்தது என்று வாதிட்டார். தேரவாத மரபு ஏற்காத கருத்து இது. ஆனால் ஒருவருடைய கருத்தையும் கழகம் அச்சிட்டதையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். புத்தகோசரின் உரைகளையும் கழகம் தொகுதி தொகுதியாக அச்சிட்டதே. இதைவிடச் சிறந்த சான்று யமகம் பற்றியது. அபிதம்ம பிடகத்தில் மிகக் கடினமான நூல்களில் ஒன்றான யமகத்தைக் கரோலைன் பதிப்பித்தபோது பல இடங்களில் பொருள் விளங்காமல் தடுமாறினார். தம் கேள்விகளை எழுதி பர்மாவுக்கு அனுப்பினார். அந்நாட்டின் தலைசிறந்த அபிதம்ம ஆசிரியர் லெடி சயாடோ பாலியிலேயே நீண்ட விடை எழுதினார். லண்டனின் பாலித் தேவி கேட்ட கேள்விகளுக்கு விடை என்ற பொருளில் அதற்குத் தலைப்பும் வைத்தார். அந்த விடையை யமகத்தின் இரண்டாம் தொகுதியோடு கழகம் 1913இல் அப்படியே அச்சிட்டது. அடுத்த ஆண்டுகளில் சஞ்சிகை அவருடைய வேறு கட்டுரைகளையும் ஆங்கிலத்தில் தந்தது. பர்மிய அறிஞர் ஷ்வே ஜான் அவுங் 1910இல் அபிதம்மத்தசங்ககத்தை மொழிபெயர்த்ததும், 1915இல் கரோலைனோடு சேர்ந்து கதாவத்துவை மொழிபெயர்த்ததும் இதே காலத்தில். ஐரோப்பியச் சாய்வு இருந்தது. அதற்கு மரபின் ஆசிரியர்கள் அதே பக்கங்களில் மறுமொழி சொல்லவும் இடம் இருந்தது. ஓர் ஆய்வுச் சங்கத்தை மதிப்பிட எனக்கு இந்த இரண்டாவது செய்தி முக்கியமாகப் படுகிறது.

பிறகு வந்த காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1921 முதல் 1925 வரை ரைஸ் டேவிட்ஸும் வில்லியம் ஸ்டீடும் தொகுத்த பாலி–ஆங்கில அகராதி வெளியாயிற்று; அது முடியுமுன்பே, 1922 இறுதியில், ரைஸ் டேவிட்ஸ் காலமானார். சஞ்சிகை 1927இல் நின்று, 1981இல்தான் உயிர்பெற்றது. இடைப்பட்ட இருண்ட ஆண்டுகளில் கழகத்தைத் தாங்கியவர் ஐ. பி. ஹார்னர் என்ற அம்மையார். 1942இல் செயலராகி, 1959 முதல் 1981இல் மறையும்வரை தலைவராக இருந்தார். விநய பிடகம் முழுவதையும் மொழிபெயர்த்ததோடு, தீர்ந்துபோன பதிப்புகளை மறு அச்சிடுவதையும் விடாமல் நடத்தினார். அவரைப் பற்றித் தனி இதழே எழுதலாம்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கழகத்தின் செய்தி ஏன் வேண்டும் என்று கேட்பவர் கும்பகோணத்தைப் பார்க்கலாம். 1890களில் மணிமேகலையைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையருக்குப் பௌத்தக் கோட்பாட்டை விளக்கித்தர ஊரில் ஒருவரும் இல்லை. கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்துச் சொன்னார். ஓல்டன்பர்க், ரைஸ் டேவிட்ஸ் ஆகியோரின் நூல்களை ஐயரே விலைக்கு வாங்கிக் கொடுத்தார். 1898இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பிலும், அதனுடன் வந்த புத்த சரித்திரத்திலும் அந்தப் படிப்பின் பயன் உண்டு. கும்பகோணத்திலிருந்து கடலைக் கடந்தால் காலி எவ்வளவு தூரம்? ஆயினும் இலங்கைத் தேரரிடம் கற்ற அறிவு லண்டன் சென்று, ஆங்கிலமாகித்தான் காவிரிக்கரைக்கு வந்தது. நமக்கும் சிங்கள விகாரைகளுக்கும் இடையில் இருந்த நேர்வழி அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அடைபட்டுப் போயிருந்தது. அந்தச் சுற்றுவழியைத் திறந்துவைத்த வகையில் கழகத்துக்கு நாமும் கடன்பட்டவர்கள். அந்த வழியின் தொடக்கத்தில் நின்ற யாத்ராமுல்லே தேரருக்கும் அதே அளவு கடன்பட்டவர்கள்.

இதைவிட நேரான தொடர்பு ஒன்றும் உண்டு. சோழநாட்டு உறையூரைச் சேர்ந்தவரென்று கருதப்படும் புத்ததத்தர் ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் பாலியில் பல நூல்கள் எழுதினார். புத்தகோசர் இலங்கைக்குப் போகும்போது, அங்கிருந்து திரும்பிய இவரைக் கடலில் சந்தித்தார் என்பது மரபு. அபிதம்மாவதாரத்தைக் காவிரிப்பூம்பட்டினத்தில், கண்ணதாசர் கட்டிய விகாரையில் இருந்து எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார். விநயவினிச்சயத்தை எழுதிய இடம் காவிரிநாட்டுப் பூதமங்கலம். அப்போது ஆண்டவன் களப்பிரர் குலத்து அச்சுதவிக்கந்தன் என்று நூலின் இறுதிப் பாடல்கள் கூறுகின்றன. தமிழகத்தில் பௌத்த சங்கம் மறைந்தபின் இந்த நூல்களைக் கற்பதும் படியெடுப்பதும் இங்கே அற்றுப்போயின. இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகள் விடாமல் ஓதியதால் அவை பிழைத்தன. அவற்றைப் பாலி நூற்கழகத்துக்காக 1915இலும் 1928இலும் இரு பகுதிகளாகப் பதிப்பித்தவர் அம்பலாங்கொடை விகாரையில் வாழ்ந்த இன்னொரு புத்ததத்தர், போல்வத்தே புத்ததத்த தேரர். வேள்விக்குடிச் செப்பேடு அச்சாகிக் களப்பிரர் பற்றிய விவாதம் சூடுபிடித்த 1920களில், அந்த அரசமரபைச் சேர்ந்த ஒருவனைப் பெயர்சொல்லி, அவன் ஆட்சியிலேயே வாழ்ந்து எழுதியவரின் வாக்காக வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைத்த சான்று இந்தப் பதிப்பு. யாப்பருங்கல விருத்தியின் மேற்கோள் பாடல்களில் வரும் அச்சுதனும் இவனும் ஒருவனே என்று வாதிட்டவர்களுக்கும், மறுத்தவர்களுக்கும் இதுவே பொது ஆதாரம். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் சோழநாட்டுப் புத்ததத்தருக்கு உரிய இடம் உண்டு. அம்பலாங்கொடைப் புத்ததத்தரின் பெயரையும் களப்பிரர் பற்றி எழுதுவோர் இனி அவர் பெயருக்குப் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.

(தொடரும்)